வலது பெட்டியில் பாதிச் சத்தம்: ஒரு பழைய ஸ்டீரியோவுக்கு ஒயர் மாற்றியது

மதுரையில் மாமா வீட்டு ஹாலில் இருப்பது 1980களின் கடைசியில் வாங்கிய ஸ்டீரியோ செட். ஒரு பக்கத்துக்கு 40 வாட் என்று எழுதியிருக்கும் ஆம்ப்ளிஃபயர், கீழ் ஸ்தாயிக்கு 8 அங்குல வூஃபரும் மேல் ஸ்தாயிக்கு ஒரு சின்ன ட்வீட்டரும் வைத்த இரண்டு மரப்பெட்டிகள், முதுகில் 8 ஓம் என்று அச்சு. கேசட் டெக் எப்போதோ பரணுக்குப் போய்விட்டது. இப்போது போனிலிருந்து ஒரு புளூடூத் ரிசீவர் வழியாகப் பாட்டு போகிறது. வீட்டுக்கு வெள்ளையடித்து, மின் ஒயரிங்கைப் புதுப்பித்ததிலிருந்து சத்தம் பழையபடி இல்லை. "வலது பாக்ஸுக்கு ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கு மாப்ளே" என்பது மாமாவின் புகார். அத்தையின் புகார் வேறு. நாதஸ்வரம் கேட்கிறதாம், தவில் கேட்கவில்லையாம்.

அத்தை சொன்னதுதான் அதிகத் தகவல் உள்ள புகார் என்பது பிறகு தெரிந்தது.

இதற்குள் மாமா இரண்டு கடைகளில் கேட்டுவிட்டார். ஒரு ரேடியோ மெக்கானிக், பெட்டியைப் பார்க்காமலேயே "காயில் வீக் ஆயிருக்கும், வூஃபரை மாத்திடலாம்" என்றிருக்கிறார். ஆடியோ சாமான் விற்கும் இன்னொரு கடையில், ஆக்சிஜன் இல்லாத செம்பு என்று சொல்லி, மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் விலை போட்ட ஒயரைக் காட்டியிருக்கிறார்கள். மாமா அதை வாங்கத் தயாராகவே இருந்தார். நான் தடுத்தேன்.

ஸ்பீக்கர் ஒயரில் காதுக்குத் தெரிகிற அளவு வித்தியாசம் செய்யக்கூடியவை மூன்றுதான் என்பது என் கட்சி. ஒயரின் மொத்த மின்தடை, இணைப்புகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்பது, பிளஸ் மைனஸ் மாறாமல் போய்ச் சேர்கிறதா என்பது. மூன்றையும் ஒரு சாதாரண மல்ட்டிமீட்டரும் ஒரு 1.5 வோல்ட் பென்டார்ச் பேட்டரியும் சொல்லிவிடும். அளந்து பார்க்காமல் வாங்குகிற ஒயர், அது எவ்வளவு உயர்ந்த ஒயராக இருந்தாலும், உண்டியலில் போட்ட காசுதான்.

எந்தப் பக்கம் கோளாறு

முதல் வேலை, கோளாறு ஆம்ப்ளிஃபயரிலா, ஒயரிலா, பெட்டியிலா என்று பிரிப்பது. ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, அதன் முதுகில் இடது வலது ஒயர்களை இடம் மாற்றிச் செருகினேன். மந்தம் இடது பெட்டிக்குப் போயிருந்தால் ஆம்ப்ளிஃபயர் குற்றவாளி. போகவில்லை, வலது பெட்டியிலேயே இருந்தது. (செட் ஓடும்போது இந்த மாற்றத்தைச் செய்யக் கூடாது. ஒரு இழை அடுத்த முனையைத் தொட்டால்கூட ஷார்ட் ஆகிவிடும். பாதுகாப்பு சர்க்யூட் இல்லாத பழைய செட்டுகளில் அவுட்புட் டிரான்சிஸ்டரோ ஐசியோ அந்தக் கணமே போய்விடலாம்.)

அடுத்து இரண்டு பெட்டிகளையும் தூக்கி வந்து ஆம்ப்ளிஃபயருக்கு இருபுறமும் வைத்து, ஒரு மீட்டர் நீளமுள்ள இரண்டு துண்டு ஒயர்களால் இணைத்தோம். போட்டது ஒரு பழைய சினிமாப் பாட்டு. இந்தச் சோதனைக்குப் பழைய பாட்டைப் போல உதவுவது வேறில்லை. அந்தக் காலத் தமிழ்ப் பாட்டுகள் பெரும்பாலும் மோனோ; இரண்டு பெட்டிக்கும் ஒரே சங்கதிதான் போகும். எல்லாம் சரியாக இருந்தால் பாடகரின் குரல் இரண்டு பெட்டிக்கும் நட்ட நடுவில், யாருமில்லாத இடத்திலிருந்து வர வேண்டும்.

வந்தது. கூடவே அத்தை தொலைத்த தவிலுக்கு ஈடாக அந்தப் பாட்டின் தபேலாவும் வந்தது. ஆனால் வலது பெட்டியில் மேல் ஸ்தாயி இன்னும் மங்கல்தான். ஆக, கோளாறு ஒன்றல்ல, இரண்டு. பேஸ் காணாமல் போனதற்கும் குரல் நடுவில் நிற்காததற்கும் காரணம் ஹாலைச் சுற்றி வரும் நீள ஒயர். மேல் ஸ்தாயி மங்கலுக்குக் காரணம் பெட்டிக்குள். இதைப் பிரித்துப் பார்க்காமல் விலையுயர்ந்த ஒயரை வாங்கியிருந்தால் பாதிக் குறை அப்படியே நின்றிருக்கும்.

சுவருக்குள் இருந்தது

ஆம்ப்ளிஃபயர் இடது பெட்டியின் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பெட்டிக்கு 3 மீட்டர் ஒயர் போதும். வலது பெட்டி ஹாலின் மறுகோடியில். வயரிங் வேலை நடந்தபோது, தரையில் ஒயர் கிடந்தால் அசிங்கமாக இருக்கிறது என்று எலக்ட்ரீஷியன் அதைச் சுவருக்குள் பைப் வழியாக ஏற்றி, ஒரு ஸ்விட்ச் போர்டு பெட்டிக்குள் நுழைத்து, மறுபக்கம் இறக்கியிருந்தார். அளந்து பார்த்தால் 12 மீட்டர். கண்ணாடி போன்ற பிவிசி உறை போட்ட மெல்லிய இரட்டை ஒயர், ஒரு பக்கத்தில் மட்டும் சிவப்புக் கோடு.

வலது பெட்டி முனையில் இரண்டு கம்பிகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டு, ஆம்ப்ளிஃபயர் முனையில் மல்ட்டிமீட்டர் வைத்தேன். மலிவான மீட்டர்களின் சொந்த ஒயருக்கே கொஞ்சம் மின்தடை உண்டு. முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்து வருகிற எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு கழிக்க வேண்டும். கழித்தது போக 2.9 ஓம்.

இது எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். ஒயர் 14/76 ரகம். கடைகளில் 14/76, 23/76, 40/76 என்று கேட்டு வாங்குவார்களே, அதில் முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, இரண்டாவது ஒவ்வோர் இழையின் விட்டம் 0.0076 அங்குலம் என்பதன் சுருக்கம். 14 இழை சேர்ந்தால் ஏறத்தாழ 0.4 சதுர மில்லிமீட்டர். போக 12, வர 12, மொத்தம் 24 மீட்டர் செம்புக்கு சுமார் 1 ஓம் வர வேண்டும்.

ஒரு முனையில் இழையைப் பிளேடால் சுரண்டிப் பார்த்தபோது உள்ளே வெள்ளையாக இருந்தது. செம்பு இல்லை, செம்பு முலாம் பூசிய அலுமினியம். சந்தேகம் இருந்தால் இன்னொரு வழி: ஒற்றை இழையைத் தீக்குச்சிச் சுடரில் காட்டினால், அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகுவதால் முனை குழைந்து சுருளும். செம்புக்கு 1085 டிகிரி வேண்டும். சிவந்து நிற்குமே தவிர உருகாது. முலாம் பூசிய ரகத்துக்கு மின்தடை செம்பைப்போல் ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தாலும் 1.5 ஓம்தான். மிச்சம் 1.4 ஓம் எங்கே?

மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்து உறுதிப்படுத்திக்கொண்டு ஸ்விட்ச் போர்டைத் திறந்தோம். ஃபேன் ரெகுலேட்டருக்குப் பின்னால், 230 வோல்ட் ஒயர்களுக்கு நடுவே, ஸ்பீக்கர் ஒயரில் ஒரு ஒட்டு. எட்டவில்லை என்று இரண்டு துண்டுகளை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். டேப் இளகி, பசை வழிந்து, உள்ளே இழைகள் கறுத்துச் சாம்பல் நிறமாக இருந்தன. மாமா அதை விரலால் அசைக்க அசைக்க, மீட்டரில் எண் 2 ஓமுக்கும் 4 ஓமுக்கும் இடையே ஆடியது. அலுமினியம் காற்றுப் பட்டதும் ஆக்சைடு படலம் போர்த்திக்கொள்ளும். வெறுமனே முறுக்கி விட்ட ஒட்டு நாளாக நாளாக இளகும், படலம் ஏறும்.

அதைவிட மோசம், அந்த ஒட்டில் சிவப்புக் கோடு போட்ட கம்பி கோடு போடாத கம்பியோடு சேர்ந்திருந்தது. இரண்டு முனைகளையும் பார்த்தால் கோடு பிளஸில் ஒழுங்காக இருக்கும், நடுவில் மாறிப்போயிருக்கும். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. பேட்டரி கண்டுபிடிக்கும். ஆம்ப்ளிஃபயர் முனையில் ஒயரைக் கழற்றி, பிளஸ் கம்பியில் பேட்டரியின் பிளஸையும் மறு கம்பியில் மைனஸையும் ஒரு கணம் தொட்டால், வூஃபர் கோன், அதாவது முன்னால் தெரியும் கூம்பு, வெளியே துள்ள வேண்டும். இடது பெட்டியில் வெளியே வந்தது, வலதில் உள்ளே போனது. 1.5 வோல்ட் போதும். 9 வோல்ட் பேட்டரியைத் தேடிப் போக வேண்டாம்.

ஒரு பெட்டி தள்ளும்போது இன்னொன்று இழுத்தால் கீழ் ஸ்தாயிதான் முதலில் சாகும். 60 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 5.7 மீட்டர். அவ்வளவு நீண்ட அலைக்கு இரண்டு பெட்டிகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருப்பது மாதிரிதான், ஒன்றையொன்று அழித்துவிடும். நாதஸ்வரத்தின் அலைகள் குட்டையானவை, அப்படி முழுக்க அழியாது. அத்தைக்குத் தவில் கேட்காததன் கணக்கு இதுதான்.

2.9 ஓம் என்ன செய்திருக்கும் என்பதையும் போட்டுப் பார்த்துவிடலாம். 8 ஓம் பெட்டிக்கு முன்னால் 2.9 ஓம் வந்து நின்றால் பெட்டிக்குப் போய்ச் சேரும் சக்தி சுமார் 54 சதவீதம், அதாவது 2.7 டெசிபெல் இழப்பு. இடது பக்கத்தில் அதே ஒயர் 3 மீட்டருக்கு 0.4 டெசிபெல்தான் தின்றது. இழப்பாவது பரவாயில்லை, பேலன்ஸ் குமிழைத் திருப்பிச் சமாளித்துவிடலாம். ஆனால் 8 ஓம் என்பது பெட்டியின் சராசரிப் பெயர் மட்டும்தான். வூஃபர் ஒத்ததிரும் இடத்தில் அது 30 ஓம் வரைக்கும் ஏறும், குரல் ஒலிக்கும் பகுதியில் 6 ஓம் அளவுக்கு இறங்கும். 30 ஓம் இருக்கும் இடத்தில் ஒயர் 0.8 டெசிபெல்தான் தின்னும், 6 ஓம் இருக்கும் இடத்தில் 3.4. ஆக ஒயரே ஒரு டோன் கன்ட்ரோல் ஆகி, குரலை மட்டும் பின்னுக்குத் தள்ளுகிறது. இதை எந்தக் குமிழும் சரிசெய்யாது.

பெட்டிக்குள்

திறப்பதற்கு முன் வூஃபரின் விளிம்பைப் பார்க்க வேண்டும். பழைய பெட்டிகளில் விளிம்பு ஃபோம் என்றால், ஈரப்பதத்தில் பத்துப் பதினைந்து வருடத்தில் அது பொடிந்துவிடும். விரல் பட்டாலே உதிரும். அப்புறம் ஒயர் மாற்றிப் பயனில்லை, விளிம்பை ஒட்டியாக வேண்டும். மாமாவின் பெட்டிகளில் மடிப்பு வைத்த துணி விளிம்பு, கல்லுக்குண்டு போல இருந்தது. கோனை இரு கட்டைவிரலால் சமமாக மெல்ல அழுத்தினால் உரசும் சத்தம் இல்லை. காயிலின் மின்தடை இடதில் 6.1, வலதில் 6.3 ஓம், 8 ஓம் ஸ்பீக்கருக்கு மீட்டரில் இப்படித்தான் வரும். "காயில் வீக்" என்ற தீர்ப்பு இதோடு தள்ளுபடி.

உள்ளே பழுப்பேறிய பஞ்சு, அதற்குப் பின்னால் நூல் மாதிரி ஒயர். ட்வீட்டரோடு தொடராக ஒரே ஒரு கெப்பாசிட்டர், 4.7 மைக்ரோஃபாரட், பிளஸ் மைனஸ் இல்லாத எலக்ட்ரோலைட்டிக். ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸோவர் என்பது இதில் அவ்வளவுதான். அந்தக் காலத்து வீட்டு செட்டுகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கும், இதைக் குறை சொல்லவும் முடியாது. 8 ஓம் ட்வீட்டரோடு 4.7 மைக்ரோஃபாரட் சேர்ந்தால் 4,200 ஹெர்ட்ஸ் வாக்கில் ட்வீட்டர் வேலையைத் தொடங்கும்.

எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் உள்ளே உலர்ந்துபோகும் ஜாதி. அளக்க ஒரு காலைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் சுற்றியுள்ள காயில்களையும் சேர்த்து மீட்டர் உளறும். இடதில் 4.2 வந்தது. வலதில் 3.1. அந்தக் கணக்கில் வலது ட்வீட்டர் 6,400 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் வாய் திறந்துகொண்டிருந்தது. போதாக்குறைக்கு, அந்தக் கெப்பாசிட்டரின் ஒரு காலைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை போல ஒரு வட்ட வெடிப்பு. தட்டினால் சத்தம் வந்து வந்து போனது. மங்கலுக்கு இதுவே போதும்.

இரண்டு பெட்டியிலும் மாற்றினேன். ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டும் இரண்டு குரலில் பேசும். புதிதாகப் போட்டது 4.7 மைக்ரோஃபாரட், 100 வோல்ட் ஃபிலிம் கெப்பாசிட்டர். இது உலராது. உள்மின்தடை குறைவு என்பதால் மேல் ஸ்தாயி பழையதைவிடச் சற்றுக் கூர்மையாகும். காதில் குத்தினால் தொடராக அரை ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்க்கலாம் என்று கையில் வைத்திருந்தேன், மாமாவுக்குத் தேவைப்படவில்லை. அறுபதைத் தாண்டிய காதுக்கு அந்தக் கூர்மை நல்லதுதான் என்பது என் ரகசிய அபிப்பிராயம்.

உள் ஒயரையும் ஒரு ஸ்கொயர் (ஒரு சதுர மில்லிமீட்டர்) செம்பு ஒயராக மாற்றினேன். அரை மீட்டர் நீளத்தில் பெரிய வித்தியாசம் ஒன்றும் வராது, பழைய உறை தொட்டால் உதிர்ந்ததால்தான் மாற்றினேன். வூஃபர் முனையில் சிவப்புப் புள்ளி வைத்த பக்கம் பிளஸ். ஈயம் வைக்கும்போது அந்தத் தகட்டில் சூட்டை நிறுத்தி வைக்கக் கூடாது. கோனுக்குப் போகும் மெல்லிய பின்னல் இழையும் அங்கேதான் பற்றவைக்கப்பட்டிருக்கும், கூடச் சேர்ந்து கழன்றுகொள்ளும். 25 வாட் அயர்ன் இதற்குப் போதும். பின்பக்க முனைகளுக்கு 40 வாட்டாவது வேண்டும். சூடு போதாத அயர்னை நெடுநேரம் அழுத்திப் பிடிப்பதில்தான் பிளாஸ்டிக் உருகுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கிராஸோவரில் காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்து இருக்கும் பெட்டிகள் பலவற்றில் ட்வீட்டரின் பிளஸ் மைனஸை வேண்டுமென்றே திருப்பி இணைத்திருப்பார்கள். அதைத் தப்பு என்று நினைத்துத் "திருத்தினால்" குரலின் நடுவில் பள்ளம் விழும். அதே போல ஜேபிஎல் கம்பெனியின் பழைய ஸ்பீக்கர்களில் சிவப்பு முனைக்குப் பிளஸ் கொடுத்தால் கோன் உள்ளேதான் போகும். அவர்கள் வழக்கம் அப்படி இருந்தது. கழற்றுவதற்கு முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கழற்றியபடியே மாட்டுங்கள். இரண்டு பெட்டியும் ஒரே மாதிரி இருப்பதுதான் முக்கியம்.

பின்னால் இருந்த ஸ்பிரிங் கிளிப்புகள் துருவேறிப் பிடிமானம் போயிருந்தன. அந்த இடத்தில் திருகு வைத்த முனைகளைப் பொருத்தி, ஓட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியை எம்-சீல் வைத்து அடைத்தேன். மூடிய பெட்டியில் காற்று கசிந்தால் பேஸ் தளரும், சீறல் சத்தமும் வரும்.

புது ஒயர்

சுவர் வழியை முதலில் கைவிட்டோம். கரண்ட் ஒயரும் ஸ்பீக்கர் ஒயரும் ஒரே பைப்பில் ஓடவே கூடாது. இரைச்சல் வரும் என்பதற்காக அல்ல. ஒயரின் உறை எங்காவது உரிந்து தொட்டால் 230 வோல்ட் நேரே ஆம்ப்ளிஃபயரின் முதுகுக்கும், அதைத் தொடுகிற கைக்கும் வரும். புது வழி, சுவரோரம் தரையை ஒட்டிக் கேசிங்-கேப்பிங் பட்டிக்குள். கதவைச் சுற்றிப் போக வேண்டியிருந்ததால் 14 மீட்டர்.

எட்டு ஓம் பெட்டிக்கு, போக வர மொத்த மின்தடை 5 சதவீதத்துக்குள், அதாவது 0.4 ஓமுக்குள் இருந்தால் நிம்மதி என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. 28 மீட்டருக்கு ஒன்றரை ஸ்கொயர் செம்பு 0.37 ஓம் வரும், மயிரிழையில் தேறும். ரெண்டரை ஸ்கொயர் 0.22. ரெண்டரையே வாங்கினோம், எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் சாதாரண டூ கோர் ஒயர், உள்ளே சிவப்பும் கறுப்பும். நீளமில்லாத ஹாலுக்கு ஒன்றரையே தாராளம். இரண்டு பக்கமும் ஒரே நீளத்தில் வெட்ட வேண்டும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. 3 மீட்டர் போதுமான இடத்தில் 14 மீட்டரை வாங்கிச் சுருட்டி வைப்பதில் அர்த்தமில்லை. மின்சாரம் அந்த 11 மீட்டரைக் கடக்கும் நேரத்தை எந்தக் காதும் அளக்காது.

திருகு முனையில் மாட்டும் நுனிக்கு ஈயம் பூசவில்லை. ஈயம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி வழிவிடும், சில மாதத்தில் திருகு தளர்ந்து நிற்கும். இழைகளை இறுக முறுக்கி, ஒன்றும் பிரிந்து நிற்காமல் பார்த்து, நேராகத் திருகில் இறுக்கினேன். இரு முனையிலும் வெள்ளை டேப்பில் "ஸ்பீக்கர் மட்டும்" என்று மாமா கையெழுத்து. பார்வைக்கு இது அசல் கரண்ட் ஒயர். நாளைக்கு யாராவது ஒரு பிளக்கை மாட்டி சாக்கெட்டில் செருகிவிடக் கூடாது.

பிறகு

செட்டைப் போடுவதற்கு முன் மறுபடி அளந்தேன். ஆம்ப்ளிஃபயர் முனையிலிருந்து வலது ஒயர் 0.2 ஓம், ஒயரும் பெட்டியும் சேர்த்து 6.5. பேட்டரி வைத்தால் இரண்டு கோனும் வெளியே. முனைகளுக்கு இடையே ஷார்ட் இல்லை. அதன் பிறகுதான் பிளக்.

அதே பழைய பாட்டில் குரல் நடுவில் வந்து நின்றது. பேலன்ஸ் குமிழ் பல மாதங்களாக வலது கோடியில் இருந்தது. மாமா அதை நடுவுக்குக் கொண்டு வந்தார். அத்தை நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போடச் சொல்லி, தனி ஆவர்த்தனம் முடியும் வரை சமையலறைக்குப் போகவில்லை. பேஸ் திரும்பி வந்ததில் ஒரு புதுத் தொந்தரவு, மூலையில் ஒட்டியிருந்த வலது பெட்டி கொஞ்சம் குமுறியது. சுவரிலிருந்து ஓர் அடி முன்னால் நகர்த்தியதும் அடங்கியது.

ஆம்ப்ளிஃபயரில் வால்யூம் குமிழைத் திருப்பும்போது வரும் கரகரப்பு மட்டும் இன்னும் இருக்கிறது. குமிழுக்குள் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் கார்பன் தடத்தில் தூசி. கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போகும். அதற்கு மூடியைத் திறக்க வேண்டும். மாமா சம்மதிக்கவில்லை. "ஓடுற செட்டை எதுக்கு மாப்ளே திறக்கணும்" என்கிறார்.